மஞ்சள் உனக்கு, நீலம் எனக்கு

மக்கா,

ரிமோட் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். "ரிமோட் இல்லலே, கன்ட்ரோலர்" என்று திருத்துவாய். அந்தக் கன்ட்ரோலர் இப்போது என் வீட்டு மேசையில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் உன் மகள் ஜெசிந்தா, வீடியோ விளையாட்டுப் பெட்டியையும் வயர்களையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு என்னிடம் தந்தாள். "ஒங்களுக்குத்தான் குடுக்கணும்னு அப்பா சொல்லியிருந்தாங்க மாமா" என்றாள். வீட்டுக்கு வந்து பையைத் திறந்ததும் நீலகிரித் தைல வாசனை. சக்கர நாற்காலியை உருட்டி உருட்டி வலித்த தோளில் தைலம் தேய்ப்பாய். கையைத் துடைக்காமல் அப்படியே விளையாட உட்காருவாய். எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! பொத்தான் இடுக்கெல்லாம் அந்த வாசனை ஏறிக் கிடக்கிறது. துடைக்க மனசு வரவில்லை.

இந்தப் பெட்டி உன் வீட்டுக்கு வந்த அன்று நான் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் வேலை பார்க்கும் ஜெசிந்தா ஈஸ்டர் லீவுக்கு வந்தபோது வாங்கி வந்து டி.வி.யில் மாட்டியிருந்தாள். அப்பா நாள் முழுக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்ற கவலை அவளுக்கு. அறுபது தாண்டிய இரண்டு பேர் பொம்மை விளையாட்டு ஆடுவதைத் திரேஸ்புரத்தில் யாராவது பார்த்தால் மானம் கப்பலேறிவிடும் என்றேன். "கதவச் சாத்திட்டு ஒக்காருலே. மஞ்ச எனக்கு, நீலம் ஒனக்கு" என்றாய்.

திரையில் எலுமிச்சம்பழம் மாதிரி இரண்டு உருண்டைகள். பெரிய கண்கள், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கால்கள். இரண்டின் இடுப்பையும் ஒரு நூல் இணைத்திருந்தது. தாவித் தாவி மேடு ஏறி, பள்ளம் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. காளான் மேல் குதித்தால் அது அழுந்தி நம்மை ஆகாயத்துக்குத் தூக்கிப் போட்டது. நாம் மிதித்த மேகம் ஒன்று கண்ணைத் திறந்து, நம்மைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. தூங்கியதை எழுப்பிவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. யாரும் யாரையும் சுடவில்லை, வெட்டவில்லை. துறைமுகத்தில் மலை மலையாய் எத்தனை கப்பல்கள் வந்து நின்றபோதும் பிளக்காத வாய், அன்று ஒரு காளானுக்குப் பிளந்துவிட்டது.

பள்ளத்தில் விழுந்தாலும் சாவு கிடையாது. விழுந்தது ஒரு குமிழிக்குள் அடைபட்டு மிதந்து வரும். கூட்டாளி எம்பித் தொட்டால் குமிழி உடைந்து அது வெளியே குதிக்கும். அந்தக் குமிழியை முதல் தடவை பார்த்தபோது நீ உன் முழங்காலைத் தடவினாய், நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

ஆனால் என்னை வைத்துக்கொண்டு உன்னால் பத்தடி முன்னேற முடியவில்லை. நூல் விறைத்தால் கன்ட்ரோலர் கையில் நடுங்கும். நடுங்கிய மறுகணம் என் விரல் தானாகவே இழுக்கும் பொத்தானை அழுத்திவிடும். உன் மஞ்சள், பழத்துக்கோ நட்சத்திரத்துக்கோ தாவுகிற நேரம் பார்த்துப் பின்பக்கமாகப் பறந்து வந்து என் மேல் மோதும். ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, ஏன் அப்பாவ இழுத்துக்கிட்டே இருக்கீங்க?"

நீ சிரிக்கவில்லை. "இருபத்திரெண்டு வருசம் எனக்குக் கயிறு பிடிச்ச கை, மோளே. ஆடுனா இழுக்கத்தான் செய்யும்" என்றாய்.

உண்மைதான். நீ சங்கு குளிக்க இறங்குவாய். உன் இடுப்புக் கயிறும் காற்றுக் குழாயும் என் கையில் இருக்கும். கீழிருந்து நீ ஒரு இழுப்பு இழுத்தால் நான் கயிறு விட வேண்டும். இரண்டு என்றால் நிறுத்தி நிறுத்தித் தூக்க வேண்டும். மூன்று என்றால் ஆபத்து, உடனே தூக்கியாக வேண்டும். இத்தனை வருஷமும் நான் கடலின் அடியைக் கையால்தான் பார்த்தேன், கண்ணால் பார்த்ததில்லை.

அதனால்தான் விளையாட்டில் தண்ணீருக்குள் இறங்கும் கட்டம் வந்தபோது நான் டி.வி.க்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு உருண்டைகளும் ஒரு பாறை விளிம்பிலிருந்து குதித்துக் கீழே இறங்கின. சத்தமெல்லாம் அடங்கிப்போனது. மேலேயிருந்து வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. பாசி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்தது. கன்னம் உப்பிய மீன் ஒன்று வந்து நீலத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

"மக்கா, கீழ இப்படித்தான் இருக்குமா?"

"இவ்வளவு கலரு கெடையாது. ஆனா அந்த வெளிச்சம் இருக்கு பாரு, அது சரி. அப்படித்தான் விழும்."

அன்று மத்தியானம் முழுக்க நீ சொல்லச் சொல்லக் கேட்டேன். சங்கு மணலுக்குள் எப்படிப் புதைந்து கிடக்கும், திருக்கை எழும்பிப் போனால் எப்படிப் புழுதி கிளம்பும், தலைக்கு மேல் நம் வள்ளம் எப்படித் தெரியும் என்று. இத்தனை காலமும் நான் கேட்டதில்லை. நீ நடுங்கிக்கொண்டு மேலே வருவாய், நான் டீயை நீட்டுவேன், அதோடு சரி.

அப்புறம் உன் மஞ்சள் ஒரு பாறைப் பிளவுக்குள் சறுக்கியது. நூல் விறைத்தது. கன்ட்ரோலர் நடுங்கியது. அத்தனை நேரம் தேவையில்லாமல் இழுத்த என் விரல், இப்போது அசையவில்லை. மஞ்சள் கீழே போய்விட்டது.

அதற்கு ஒன்பது வருஷம் முன்னால், பன்னிரண்டு ஆள் ஆழத்தில் நீ இருந்தபோது, வள்ளத்தில் காற்று அடிக்கும் கம்ப்ரஸர் திணறி நின்றது. கயிற்றில் மூன்று இழுப்பு வந்தது. நான் எங்கேயும் நிறுத்தாமல் உன்னை ஒரே மூச்சாய் மேலே இழுத்துப் போட்டேன். சாயங்காலத்துக்குள் உன் இரண்டு காலும் செத்துப்போயின. வேகமாக ஏறியதால் இரத்தத்தில் குமிழி அடைத்துவிட்டது என்றார் டாக்டர். ஊர் என்னைக் கும்பிட்டது. உயிரைக் காப்பாற்றியவன் என்று கோயிலில் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். நான் தலையைக் குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

டி.வி.யில் குமிழி மிதந்து வந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா அடுக்களையில் இருந்தாள். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"கம்ப்ரஸர் டாங்குல காத்து மிச்சம் இருந்துச்சு மக்கா. நிறுத்தி நிறுத்தித் தூக்க ரெண்டு நிமிசத்துக்கு இருந்துச்சு. மீட்டர் முள்ளப் பாத்தேன். பாத்துட்டுத்தான் நிறுத்தாம இழுத்தேன். பயந்துட்டேன்."

நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்லே. குழாயில காத்து வந்துக்கிட்டுத்தான இருந்துச்சு. கொஞ்சம் எளச்சுது, அவ்வளவுதான். ரெண்டு இழுப்பு இழுத்திருக்கணும். நான் மூணு இழுத்தேன். மொதல்ல பயந்தது நான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்பது வருஷம் தினமும் உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். உன்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் இதே ஒன்றைத்தான் வாய்க்குள் வைத்துக்கொண்டு வானிலையையும் மீன் விலையையும் பேசியிருக்கிறோம். ஒரு பொம்மை வந்து நம் வாயைத் திறக்க வேண்டியிருந்தது!

"மூக்கச் சிந்திட்டு நீலத்த எடுலே. குமிழி போவுது பாரு" என்று அதட்டினாய். நான் எம்பித் தொட்டேன். உன் மஞ்சள் வெளியே குதித்து, ஒன்றுமே நடக்காததுபோல் குடுகுடுவென்று ஓடியது.

அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்தது ஏழு மாதம். ஒரு நாளும் விடாமல் ஆடினோம். மழைக்காலம் தொடங்கும்போது நீ போய்விட்டாய்.

நேற்று பகலில் நானே வயர்களை மாட்டினேன். மூன்று வயருக்கு ஒரு மணி நேரம் ஆனது, நீ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். ஒற்றை ஆளாக ஆடினால் ஒரு பொத்தானில் ஓர் உருண்டையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம் என்று நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். அந்தத் தண்ணீர்க் கட்டத்துக்குப் போனேன். நீலத்தைப் பாறை விளிம்பில் நிற்க வைத்தேன். மஞ்சளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஒற்றை ஆளாக ஆடினால் நூல் விறைப்பதில்லை, இறங்க இறங்க நீண்டுகொண்டே போனது. இரண்டும் திரைக்குள் தெரிய வேண்டும் என்பதால் எல்லாம் சிறுத்துக்கொண்டே வந்தது. நாம் சேர்ந்து போன இடங்களை எல்லாம் தாண்டிவிட்டேன். வெளிச்சம் மங்கிற்று. இது பொம்மைதான், நான் என் வீட்டு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. கீழே இருக்கிறவனுக்கு என்ன செய்யும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடி மணலில் மஞ்சளை நிறுத்தி, மேலே பார்த்தேன்.

அங்கே, வெளிச்சத்தின் உச்சியில், நூலின் மறுமுனையில், நீலமாக ஒரு புள்ளி. கடுகளவு. அதற்குக் கண் இருக்கிறதா கை இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமும் நீ இத்தனை சின்ன ஆளை நம்பித்தான் இறங்கியிருக்கிறாய்.