அம்மாவின் க்ரீம் டப்பா

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தங்கையும் நலம், என் முட்டிவலியைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். நீயும் மருமகளும் சுகம்தானே. உனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று மருமகள் சொன்னாள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, சொன்னால் கேட்கிற ஆளா நீ.

நீ போனில் சொன்னதுதான் மண்டையைக் குடைகிறது. அம்மா போன பிறகும் அவள் க்ரீம் டப்பா இன்னும் அலமாரியில் இருப்பதைத் தங்கை வாய்தவறிச் சொல்ல, அதில் பாராபென் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது, அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்ததே அதனாலோ என்னவோ, முதலில் தூக்கிப் போடுங்கள் என்றாய். சொல்லிவிட்டு நீ வேலைக்குப் போய்விட்டாய், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ப்ளீச்சிங் தண்ணீரிலேயே கிடந்து அவள் கை வெடித்து, விரலிடுக்கில் ரத்தம் கசிவதைப் பார்க்கச் சகிக்காமல் அந்த க்ரீமை வாங்கி வந்தவன் நான்தானே. தீரத் தீர வாங்கினேன். என் கையாலேயே அவளுக்கு விஷத்தைக் கொடுத்தேனா? இதை யாரிடம் போய்க் கேட்பது, சொல்.

இதில் இன்னொன்று, சிரிக்காதே. சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் நடைவழியில் அவள் வாசனை வருகிறது. போய்ப் பார்த்தால் அலமாரியில் டப்பா மூடித்தான் இருக்கிறது. பிரமை என்று விட்டேன், மறுநாளும் வந்தது, வேலை முடிந்து வந்து கை கழுவி க்ரீம் தடவிக்கொண்டு என்னைத் தாண்டிப் போவாளே, அப்படியே. என்மேல் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாளோ என்றுகூட நினைத்தேன்.

பொறுக்கமாட்டாமல் அதே ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். க்ரீமில் பூஞ்சையும் கிருமியும் வராமல் இருக்கத்தான் பாராபெனைச் சேர்க்கிறார்களாம், இவ்வளவுதான் சேர்க்கலாம் என்று வரம்பு இருக்கிறதாம். ஹார்மோன் போல லேசாக வேலை செய்யும் என்பதால் இன்னும் ஆராய்கிறார்கள், கட்டிக்குள் அதைக் கண்டவர்கள்கூட அதனால்தான் கட்டி வந்தது என்று நிரூபிக்கவில்லை என்றார். அப்படியானால் நான் காரணமில்லையே என்றேன். "நீங்க வாங்கிக் குடுத்ததாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று நின்றேன், அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். பழைய க்ரீமை யாரும் பூசவேண்டாம், எதைச் சேர்த்தாலும் காலாகாலத்துக்கும் காக்காது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குள் நுழைந்தால் அதே வாசனை. உன் தங்கை அலமாரியடியில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்திருந்தாள். பூசாதே என்று கத்திவிட்டேன். "பூசலப்பா. தெனம் கொஞ்ச நேரம் மூடியத் தெறந்து வெச்சிருப்பேன், அவ்ளோதான்" என்றாள். எட்டிப் பார்த்தேன். அம்மா கடைசியாக வழித்தெடுத்த விரல்தடம் அப்படியே இருக்கிறது. நீ அனுப்பிய பாராபென் இல்லாத க்ரீமில் ஓரமெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பூத்துவிட்டது, ஈரக்கையோடு எடுத்தோம் போல.

டப்பாவை நான் தூக்கிப் போடவில்லை. உன்மேல் வருத்தமும் இல்லை, ஏனென்றால் மருமகள் ஒன்று சொன்னாள். நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அம்மா உன் பெட்டியில் ஒரு டப்பாவைத் திணித்தாளே, அது உன் சட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறதாம். சில நாள் மருமகள் வேலைவிட்டு வரும்போது உங்கள் வீட்டிலும் அந்த வாசனை இருக்கிறதாம். அவள் உன்னை ஒன்றும் கேட்கவில்லையாம். நானும் கேட்கவில்லை.

இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். கஷாயமோ மாத்திரையோ, சளிக்கு ஏதாவது சாப்பிடு. மறக்காமல் டப்பா மூடியை இறுக்கி மூடி வை, சீக்கிரம் வாசனை போய்விடப் போகிறது.

உன் அப்பா