செல்வியக்காவின் லேபிள் நூல்

8, செவ்வாய்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். எங்கள் பனியன் கம்பெனியில் துணி வாங்கும் ஸ்பெயின் பையரிடமிருந்து மெயில்: பட்டியல் ஓகே. அப்பாடா! நாற்பது ஆங்கிலச் சொல், எதிரே நாற்பது ஸ்பானிஷ் சொல். குழந்தைகள் டீ-ஷர்ட்டில் தைக்கும் துவைப்பு லேபிளுக்கு. காட்டன் என்றால் அல்கொதோன். இஸ்திரி போடாதே, நோ பிளாஞ்சார். பாதி ஃபோனில் தேடியது, பாதி பழைய லேபிள்களைப் பார்த்து. மூன்று வாரம் உயிரை எடுத்தது. வெளியாளை வைக்கலாமா என்று முதலாளி கேட்டபோது, "எதுக்குங்க, நானே பண்ணிடறனுங்க" என்று ஜம்பமாகச் சொன்னவள் நான்தான்.

மதியம் முதலாளி: "கண்ணு, இதை ஏ, பி, சி வரிசைல போட்டுக் குடுத்தா தேட சுளுவா இருக்குமுங்க." ஐந்து நிமிட வேலை. மாலையே அதைப் பார்த்து லேபிள் டிசைன் செய்து, வீரபாண்டி அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.

வாங்க: பால், அம்மாவின் பிரஷர் மாத்திரை, ஊக்கு.

10, வியாழன்

இன்று செத்துப் பிழைத்தேன்.

லேபிள் ரோல் காலையில் வந்தது. முதல் கட்டு, அறுபது பீஸ், தைத்து செக்கிங் மேசைக்குப் போனது. செக்கிங் செல்வியக்கா, திருநெல்வேலிக்காரர். ஆர்டருக்கு ஒரு லேபிளை நூலில் கோத்து மேசைக் காலில் கட்டி வைக்கிற பழக்கம். "மாலை யாருக்குங்க்கா?" என்று கேலி செய்வேன். அக்காவுக்கு ஆங்கிலமும் தெரியாது, ஸ்பானிஷும் தெரியாது.

"மேடம், இதக் கொஞ்சம் பாருங்க. இஸ்திரிப் பெட்டி மேல கோடு போட்ட படம். போன தடவ அதுக்கு நேரா சின்னதா ரெண்டு சொல்லுதான் இருந்துச்சு. இப்ப என்ன இவ்ளோ நீளமாக் கெடக்கு?"

நூலில் இருந்த பழைய லேபிளைப் பக்கத்தில் வைத்தார். ஓடிப்போய் ஷீட்டைத் திறந்தேன். ஆங்கிலப் பத்தி மட்டும் ஏ, பி, சி வரிசைக்குப் போயிருக்கிறது. ஸ்பானிஷ் பத்தி இருந்த இடத்திலேயே. எந்தச் சொல்லும் அதன் ஜோடியோடு இல்லை. 'இஸ்திரி போடாதே' படத்துக்கு நேரே 'ஒரே நிறத் துணிகளோடு துவைக்கவும்'. ஓகே ஆன பட்டியலில் கை வைத்த பாவி நான். இது கப்பல் ஏறியிருந்தால் மொத்த ஆர்டரும் திரும்பியிருக்கும். என் வேலையும் போயிருக்கும்.

பழியை அச்சடித்தவர் தலையில் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

முதலாளியிடம் உள்ளதைச் சொன்னேன், செல்வியக்கா கண்டுபிடித்ததையும் சேர்த்து. அழுதும் விட்டேன்.

"எத்தன பீஸ் தச்சாச்சு?"

"அறுபதுங்க."

"அவ்வளவுதானுங்களா? பிரிச்சுத் தச்சுக்கலாம். கண்ணைத் தொடை, கண்ணு." கொஞ்சம் யோசித்து, "ஏனுங்க, அந்தம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியுமுங்களா?"

அழுகையோடு சிரிப்பு. இனி லேபிள் அச்சுக்குப் போகும் முன் செல்வியக்காவின் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மாத்திரை வாங்க மறந்தேன்.

12, சனி

மழை, ஒரு பாட்டம். அறுபது பீஸிலும் லேபிள் பிரித்தாயிற்று. புது ஷீட்டில் மூன்று கையெழுத்து: முதலாளி, நான், செல்வியக்கா. அக்கா பேனாவை இறுக்கிப் பிடித்து, தமிழில், கட்டத்துக்கு வெளியே போகிற மாதிரி போட்டார். மூன்றாவது கையெழுத்துக்காரர்தான் தவறைப் பிடித்தார் என்று ஒரு வரியும் சேர்த்து, ஸ்பெயினுக்கும் அச்சகத்துக்கும் மெயில் பறந்தது. மாலை புது ரோல். படத்துக்கு நேரே சின்னதாக இரண்டே சொல். ஒவ்வொரு வரியாகப் பழைய லேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அக்கா புதியதையும் நூலில் கோத்தார்.

"இப்பச் சரி, மேடம். போய்ச் சாப்பிடுங்க."

இரண்டு நாளுக்குப் பிறகு சோறு இறங்கியது. இரண்டு முறை ரசம்.

15, செவ்வாய்

கண்டெய்னர் கிளம்பிவிட்டது. மாத்திரை வாங்கியாயிற்று.

ஸ்பெயினிலிருந்து மெயில். மூன்றாவது கையெழுத்து எங்களால் படிக்க முடியவில்லை, அவர் பெயரும் பதவியும் தெரிவிக்கவும், இனி உங்கள் லேபிள்களை அவர் பார்த்தால் போதும் என்று. பெயர் எழுதிவிட்டேன். பதவி? ஸ்பானிஷில் என்னவென்று தேட ஃபோனை எடுத்தேன். வைத்துவிட்டேன். நாற்பது சொல் பெயர்த்தது போதும்.

பதவி: அக்கா.

அப்படியே அனுப்பிவிட்டேன்.