ஊசி போட்டுக்கிட்டு அம்மா செஞ்ச காரியம்

அன்புள்ள மகள் யோஜினுக்கு,

அப்பா எழுதறேன். கனடா குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும். எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவைப் பத்தி அப்படி எழுத முடியல. கோஸ் மூட்டையோட வயல்ல சறுக்கி விழுந்தாளே, அந்த வலிதான், இடுப்புக்குக் கீழ வலது பக்கம், உக்காந்து எந்திரிச்சா உயிர் போகுதுங்கறா. பெல்ட் கட்டியாச்சு, பயிற்சி பண்ணியாச்சு, உன் பெரியம்மா கில்ஜா கூட்டிட்டுப் போன வைத்தியர் கிட்ட அக்குபஞ்சர் ஊசியும் குத்திக்கிட்டாச்சு. கடைசியில காங்னுங் டவுன் ஆஸ்பத்திரி டாக்டர், முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேர்ற மூட்டு மேல சந்தேகமா இருக்கு, அதுதான்னு உறுதியானா ஸ்க்ரூ போட்டு இறுக்கிடலாம், அதுக்கு முன்னாடி அங்க மரத்துப்போற ஊசி போடறேன், மரத்திருக்கறப்போ எதெல்லாம் வலிக்குமோ அதையெல்லாம் செஞ்சு பாருங்கம்மா, வலி விடலைன்னா கோளாறு வேற எங்கயோ, நான் கத்தி எடுக்க மாட்டேன்னார்.

உங்கம்மா என்ன பண்ணா தெரியுமா? வீட்டுக்கு வந்ததும் தரையைச் சூடாக்கற பாய்லரைக் கூட்டி வச்சு, சுடுதரையில இடுப்பைப் போட்டுப் படுத்துட்டா. அந்தச் சூட்டுல நம்ம ஊர்ல யாருக்குத்தான் வலி தெரியும்? டாக்டர்கிட்ட வலி போயே போச்சுன்னுட்டா. அவர் இன்னொரு ஊசி போட்டுப் பாத்துட்டு நாள் குறிக்கலாம்னார். ரெண்டாவது ஊசி போட்ட அன்னிக்கு நான் பாய்லரை அணைச்சிட்டு, கிம்ச்சி ஊறுகாய் போடற தொட்டி முன்னாடி அவளை உக்கார வச்சேன். ஏன்யா, கட்டின பொண்டாட்டியைத் திருடி மாதிரி காவல் காக்கறியேன்னு திட்டிக்கிட்டே கோஸுக்கு மசாலா தடவினா. எந்திரிக்கறப்போ கண்ணெல்லாம் தண்ணி. வலியில்லை, மிளகாய்னா. ஐயோ, மிளகாய்க்கு யாராவது இடுப்பைப் பிடிப்பாங்களாம்மா? டாக்டர்கிட்ட மறுபடியும் துளி வலி இல்லைன்னா. நான் உள்ளதைச் சொல்லிட்டேன், சூட்டைப் பத்தியும் சொல்லிட்டேன். ஆபரேஷன் வேண்டாம், வேற இடத்துல தேடணும்னுட்டார். பஸ்ஸில, தேடித் தேடி இப்பத்தான் ஒரு இடம் கெடச்சுது, அதையும் பிடுங்கிட்டியே, வலிக்கறது உனக்கா எனக்கான்னு கேட்டா. நான் செஞ்சது சரிதான். ஆனாலும் எனக்குச் சோறு இறங்கல.

நீ போன் பண்ணு, மறந்துடாதே. எல்லாம் சரியாயிடும்னு மட்டும் சொல்லாதே, எரிஞ்சு விழுவா. குழந்தை சத்தத்தைக் கேக்க வை, போதும். மூணு பேரும் நல்லா இருங்க. அம்மாவோட ஆசீர்வாதத்தையும் நானேதான் எழுதறேன், அவ என்கிட்ட பேசறதில்லை. புரண்டு படுக்க முடியலைன்னு அழறவ, நான் அறைக்குள்ள வந்தா மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறா.

இப்படிக்கு,
உன் அப்பா,
சோ தோக்சு