கதவைச் சாத்தியவர்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் பழங்காலக் காரைக் குத்திக் கெடுக்க நான் ஓர் ஆசாரியை அழைத்து வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். தவறு. என்னோடு வந்தவர் பல் டாக்டர். காரை வாங்க வந்தவரே அவர்தான். என் கையில் இருந்தது ஸ்வெட்டர் பின்னும் ஊசி, உளி அல்ல. அது மரத்தில் இறங்கியதற்கு நான் பொறுப்பில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கடைவாய்ப்பல்லுக்காக அவரிடம் போயிருந்தேன். நான் வாயைத் திறந்தபடி கிடக்க, அவர் நீ கொடுத்த விளம்பரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். "எஞ்சினை மாத்திக்கலாம் மேடம். இது உடம்பே மரச்சட்டத்துல நிக்கிற வண்டி. மேல தகரம் பளபளன்னு இருக்கும், உள்ள பொடிப்பொடியா உதிரும். மரத்தைத்தான் பாக்கணும்" என்றார். சொத்தையைப் பற்றி அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? எனக்கும் பார்க்கத் தோன்றியது. அந்த வளைவில் கதவு திறந்து உன் அத்தான் சாலையில் விழுந்த பிறகு, மூன்று வருஷமாக நான் அந்தக் காரின் பக்கத்தில் போனதில்லை.

அவர் சொல்லச் சொல்லப் பார்த்தோம். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்தோம். காயாத துணியின் நாற்றம். கதவுகளை அரைவாசி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினோம். நீ உட்கார்ந்து ஓட்டுகிற பக்கம் அசையவில்லை. உன் அத்தான் உட்கார்ந்திருந்த பக்கம் கடைவாய்ப்பல் மாதிரி ஆடியது. பிறகு, கதவின் நாக்கு போய் மாட்டுகிற இரும்புத் தகடு. அந்தத் தகட்டைத் தாங்குகிற மரத்தூணில் ஊசியை வைத்தேன். அழுத்தக்கூட இல்லை. குமிழ்வரை இறங்கிவிட்டது.

டாக்டர் ஊசியை வாங்கி, தன் கைக்குட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தத் தூண் எப்போது கெட்டது? தெரிந்தால் எழுது.

அன்புடன்,
அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மகள் வீட்டோடு குடிபோகிறோம் என்று உனக்குத் தெரியும். அந்த அடுக்குமாடியில் இந்தக் காரை நிறுத்த இடமில்லை. மாதக் கடைசிக்குள் விற்றாக வேண்டும். வந்த ஒரே ஆளையும் ஊசியைக் காட்டித் துரத்திவிட்டாய். சின்ன வயசில் என் கட்டுரை நோட்டில் சிவப்பு மை போட்ட அதே கைதானே அது.

தூண் கெட்டுவிட்டது என்று ஊரைக் கூட்டுகிறாயே, அது நேற்று வந்த கோளாறா? நான் வாங்கிய நாளிலிருந்தே அந்தத் தகட்டில் ஸ்க்ரூ நிற்காது. மழைக்காலம் வந்தால் ஓட்டையில் நாலு தீக்குச்சியைத் திணித்து இறுக்கிவிடுவேன். இத்தனை வருஷம் ஓடவில்லையா? பழைய வண்டிக்கு இதெல்லாம் சகஜம் அக்கா. நீயே டாக்டரிடம் எடுத்துச் சொல். நீ சொன்னால் கேட்பார்.

என்றும் உன் அன்புத் தம்பி

ஜூன் 12

தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. இவ்வளவு தெளிவாக நீ ஒருபோதும் எழுதியதில்லை.

மருத்துவமனை வாசலில் அன்று நீ என்ன சொன்னாய்? "அத்தான் கதவைச் சரியாச் சாத்தலக்கா. நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்." முப்பது வருஷம் வங்கியின் பெட்டக அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். வீட்டுக்கதவைச் சாத்தினால் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். படுத்தபிறகு எழுந்து போய் இன்னொரு தடவை இழுப்பார். அவரைக் கிடத்தியிருந்த அறையிலேயே நம் சித்தி, "அந்த மனுஷனுக்கு எப்பவும் ஞாபகமறதிதான்" என்று என் காதுபடச் சொன்னாள். என் மகள் இன்றைக்கும் பிள்ளைகளைக் காரில் ஏற்றும்போது, "கதவைப் பாத்துச் சாத்துங்க, தாத்தா மாதிரி விட்டுடாதீங்க" என்கிறாள்.

அவர் சாத்தினார். பூட்டும் பிடித்தது. அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது உன் தீக்குச்சி.

அக்கா

ஜூன் 15

அக்கா,

உன் காலில் விழுகிறேன். என் போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அன்றைக்கு இருந்த பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அப்புறம் எல்லோரும் அதையே பேச ஆரம்பித்துவிட்டார்கள். மாற்றிச் சொல்ல முடியவில்லை. இனிமேல் மகள் வீட்டில்தான் நான் காலம் தள்ள வேண்டும். இது தெரிந்தால் மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன்? அத்தான் போய்விட்டார். அவருக்கு இனி இதனால் என்ன? நான் இருக்கிறேனே, அக்கா. காரை உடைக்கப் போட்டுவிடுகிறேன். இத்தோடு விடு.

தம்பி

ஜூன் 18

தம்பிக்கு,

உடைக்க வேண்டாம். காரை நானே வாங்கிக்கொள்கிறேன். நீ கேட்ட விலையே தருகிறேன், பேரம் பேசமாட்டேன். அது என் வீட்டு வாசலில் நிற்கும், அந்தக் கதவு திறந்தபடி. ஊசியை ஒரு நூலில் கட்டித் தொங்கவிடுவேன். சித்தி முதல் உன் மாப்பிள்ளை வரை யார் வந்தாலும் குத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

போனவருக்கு என்ன என்று கேட்டாய். மூன்று வருஷமாக அவர் ஒரு கதவைச் சாத்தத் தெரியாதவராக இருக்கிறார். நீ இருக்கிறாய் என்பது உண்மைதான். இரு.

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. திருத்தி, உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

வண்டியின் காகிதங்களோடு, என் மகளுக்கு ஒரு வரி வேண்டும்: "உன் அப்பா கதவைச் சரியாகத்தான் சாத்தினார்." உன் கையாலேயே எழுது. போனில் அழைத்தால் எடுக்கமாட்டேன். பதிலைத் தபாலில் அனுப்பு.

அக்கா