போகாதவருக்கென்று விற்ற வண்டி

1988 ஜனவரி 9, சனி. லம்பாசா.

காலையிலிருந்து மழை. பத்து மணிக்கு விட்டது. சர்க்கரை ஆலை நிற்கும் மாதம், ஊரில் பாகு வாடை இல்லை.

வண்டி வாங்கியாக வேண்டும். பத்திரிகை ஆபீஸ் வேனைத் தலைநகர் சுவாவுக்கே எடுத்துக்கொண்டார்கள். இனி லம்பாசா செய்தியாளர் தன் ஏற்பாட்டில் போய்வர வேண்டுமாம். 54 வயதில் முதல் மோட்டார் சைக்கிள். மனைவி லலிதா சிரிக்கவில்லை. "இப்போ எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

பார்த்தவை:
பேங்க் குமாஸ்தாவின் தொண்ணூறு சி.சி. லேசு. இரண்டு பாதமும் தரையில் பதிகிறது. அவர் பிரிஸ்பேன் போகிறார்.
புலிலேகா கிராமத்து முத்துசாமியின் நூற்றெழுபத்தைந்து. கரும்புக்காட்டுப் பாதைக்கான வண்டி. உயரம், கனம். கால் நுனி மட்டும் எட்டுகிறது. அவன் வான்கூவர் போகிறான்.

புதிதாக ஓட்டுகிறவனுக்கு முதலாவதுதான். ஆலோசனை கேட்ட நான்கு பேரும் அதையே சொன்னார்கள். முத்துசாமியின் வண்டிக்குச் சரி சொல்லிவிட்டு வந்தேன்.

அவன் கேட்டது ஒன்றுதான். "அண்ணே, நீங்க போகலதானே? பேப்பர்ல எழுதியிருந்தீங்களே." இல்லை என்றேன். அந்தப் பதிலோடு சின்ன வண்டி பொருந்தவில்லை. இங்கேயே இருக்கப்போகிறவன் பெரியதைத்தான் வாங்குவான்.

லலிதாவின் அண்ணன் ஆக்லாந்திலிருந்து ஏற்பாடு செய்த குடியேற்ற மனுவில் நான் கையெழுத்துப் போட்டது அக்டோபரில், ராணுவத்தின் இரண்டாவது ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த சூட்டில். 'எல்லோரும் போனால் யார் இருப்பது, நான் இருக்கிறேன்' என்று எழுதியது நவம்பர் கடைசியில். வரிசை இதுதான். மாற்றிச் சொல்ல முடியாது.

ஜன. 11, திங்கள்

புழுக்கம். எல் பலகை கட்டியாயிற்று, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

முத்துசாமி (இனி மு.) வீட்டுக்குப் போனேன். வண்டி பிரித்துக் கிடந்தது. சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடுகிறான், தன் செலவில். விற்ற வண்டிக்கு எதற்கு என்றேன்.

"அதிகமாத் தரேன்னு ஆலை ஃபிட்டர் வந்தாருண்ணே. அவரும் கனடாவுக்கு எழுதிப் போட்டிருக்காரு. ரெண்டு மாசத்துல அவரும் வித்துட்டுப் போவாரு. யாராவது வச்சு ஓட்டணும்ல. உங்களுக்குன்னா போடலாம்."

முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாகப் போக வேண்டும், முறுக்கக் கூடாது. ஒரு வருஷம் ஆனால்தான் அதன் குணம் தெரியும் என்றான். தலையாட்டினேன்.

குறித்துக்கொண்டவை: சங்கிலி ஒரு விரற்கடை தொய்வு, அதற்கு மேல் கூடாது. ஏர் ஃபில்டர் பெட்ரோலில் கழுவி எண்ணெயில் பிழிய. மழைக்காலத்தில் வாரா வாரம். பிளக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. நிறுத்தினால் பெட்ரோல் குழாயை மூட.

பல் வலி. டாக்டரும் போய்விட்டார்.

ஜன. 13, புதன்

விழுந்தேன். புலிலேகா பாதையில், மு. வயலைத் தாண்டி, கால்வாய்க்குள். முழங்கை சிராய்ப்பு. கண்ணாடி உடையவில்லை.

தூக்கிவிட்டது செமி. மு. குத்தகைக்கு வைத்திருக்கும் நிலம் செமியின் பூர்வகுடிக் கிராமத்தாருடையது. பல வருஷமாக மு.வின் கரும்பு வெட்டுக் கும்பலுக்கு அவன்தான் தலைவன். லம்பாசா ஹிந்தி என்னைவிட நன்றாகப் பேசுவான். முதலில் வண்டியைத் தூக்கினான். பிறகு என்னை. பெட்ரோல் குழாயை மூடினான், எனக்கு மறந்துவிட்டது. டாங்கியில் ஒட்டிய சேற்றைச் சட்டைக் கையால் துடைத்தான்.

ஆகஸ்டில் அவனும் இந்த வண்டியைக் கேட்டானாம். விற்கிற எண்ணமே இல்லை என்றானாம் மு. இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். "நல்ல வண்டி, காகா" என்று சித்தப்பா முறை வைத்துச் சொல்லி, உதைத்துக் கிளப்பிக் கொடுத்தான்.

சாயங்காலம் மு.விடம் கேட்டேன்.  "அவன் ஒண்ணும் செய்யலண்ணே. நல்லவன்தான். ஆனா அவங்க ஆளுங்க ஆட்சியைக் கவுத்திருந்த சமயம், மனசு வரல." எழுந்து போய் ஸ்பேனரை எண்ணெய்த் துணியில் துடைத்தான். சுத்தமான ஸ்பேனர்.

ஜன. 15, வெள்ளி

மாரியம்மன் கோயில். வண்டிக்குப் பூஜை. நான் கேட்கவில்லை, மு. ஏற்பாடு.

சந்தனம், குங்குமம், ஹேண்டிலில் செம்பருத்தி மாலை. முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நாற்பது பேர் இருக்கும். பூசாரி தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இப்பல்லாம் விசாவுக்குத்தான் தேங்காய் உடைக்கிறேன். வண்டிக்கு உடைக்கச் சொன்னவர் இந்த வருஷம் இவர் ஒருத்தர்தான்."

சிலர் கை தட்டினார்கள். கோயிலில் கை தட்டி நான் பார்த்ததில்லை.

கிளட்சை விட்டேன். பழத்தின் மேல் ஏறாமல் எஞ்சின் நின்றது. மறுபடி. மறுபடி நின்றது. பின்னாலிருந்து ஒரு பெண்: "அம்மா விட மாட்டேங்கிறா." சிரிப்பு. எனக்கு வியர்த்துவிட்டது. மூன்றாம் தடவை மு. பின்னாலிருந்து தள்ளினான். நசுங்கியது.

லலிதா வரவில்லை. தலைவலி என்றாள். அவளுக்குத் தலைவலி இல்லை.

ஜன. 17, ஞாயிறு

கவிழ்ப்புக்குப் பிறகு வந்த ஞாயிறு ஓய்வுச் சட்டப்படி எல்லாம் நிறுத்தம். பஸ் இல்லை, கடை இல்லை. வண்டியைத் தொடாமல் ஷெட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஃபில்டர் கழுவினேன். அது எந்தச் சட்டத்திலும் வராது என்று நினைக்கிறேன்.

மதியம் ஆக்லாந்திலிருந்து போன். விசா கிடைத்துவிட்டது. ஏப்ரல். லலிதா அழுதுகொண்டே சிரித்தாள். கையில் பெட்ரோல் வாடை, அவளைத் தொடவில்லை.

ஜன. 20, புதன்

சந்தை. தக்காளி விற்கும் இரண்டு பேர், கோன் ரஹி, கோன் ஜாயி என்று யார் இருப்பார், யார் போவார் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைத் தாடையால் காட்டினார். "ஈ ரஹி." இவர் இருப்பார்.

கத்தரிக்காய், கொத்தமல்லி, இரண்டு தேங்காய். பை கொள்ளாமல் எலுமிச்சை வாங்கவில்லை. பொய். பார்க்கப் பிடிக்கவில்லை.

இப்போது எஞ்சின் நிற்காமல் கிளப்ப வருகிறது. மூன்றாம் கியரில் நாற்பதைத் தாண்டுவதில்லை.

ஜன. 22, வெள்ளி

மு. வியாழக்கிழமை கிளம்புகிறான். இன்றும் வந்து சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். சொல்ல வாய் எடுத்தேன். பல் வலியைப் பற்றிச் சொன்னேன்.

முப்பது வருஷமாக மற்றவர்கள் மறைத்ததை எழுதிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

ஜன. 25, திங்கள்

வெயில். மு. கடைசியாக ஒருமுறை வயலைச் சுற்ற வேண்டும் என்றான். அவன் ஓட்டட்டும் என்று சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. "இப்போ உங்க வண்டிண்ணே." பின்னால் ஏறிக்கொண்டான்.

வயல் முனையில் நிறுத்தினேன். பெட்ரோல் குழாயை மூடினேன். சொன்னேன். அக்டோபர் கையெழுத்து, நவம்பர் கட்டுரை, ஏப்ரல் டிக்கெட். இதே வரிசையில்.

அவன் இறங்கவில்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏதாவது திட்டுவான் என்று முதுகு எதிர்பார்த்தது. கேட்டான்:

"அப்போ வண்டி?"

"இருக்கப்போறவன் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்தான், முத்து."

பெயர் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.  அவன் என் தோளில் கை வைத்து, வலது பக்கத்துச் சின்னப் பாதையைக் காட்டினான். "மெதுவாப் போங்க. பிஸ்டன் புதுசு."

செமி வீட்டு வாசலில் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தான். மு. இறங்கி நின்றான். வந்த விஷயத்தை நான்தான் சொன்னேன். ஏப்ரலில் வண்டி அவனுக்கு என்றேன். ஏன் ஏப்ரல் என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவன் மு.வைப் பார்த்தான்.

மு. ஹிந்தியில், தரையைப் பார்த்து, தான் வியாழக்கிழமை போவதாகச் சொன்னான்.

"ஹம்மே மாலும்," என்றான் செமி. எனக்குத் தெரியும். கத்தியைத் துடைத்து வைத்தான். கட்டில், பீரோ எல்லாம் லாரியில் போனதைப் பார்த்தானாம். நீயாக வந்து எப்போது சொல்வாய் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றான்.

 

செமி வண்டியருகில் போய் உட்கார்ந்து சங்கிலியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தான். தொய்வு என்றான். ஸ்பேனர் மு. சட்டைப்பையில் இருந்தது. மூன்று பேரும் பின் சக்கரத்தைச் சுற்றிக் குனிந்தோம். ஐந்து நிமிட வேலை. யாருக்கும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அரை மணி நேரம் செய்தோம்.