விரத அடுப்பில் ஒரு முட்டை

என் கண்ணான விஜிக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. உன் மகன் கவிஷனுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. மற்றச் சேதிகள் பிறகு. கெட்ட சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளை வளரவில்லை.

மூன்று மாதமாகக் கிளினிக் தராசில் அதே எடைதான். இவன் வயதுப் பிள்ளைகள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வாசல்களில் தவழ்ந்து திரிகின்றன. இவனை உட்கார வைத்தால் சாய்கிறான். அழவும் தெம்பில்லை. மஸ்கெலியா பஜாரில் சாக்கைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிறவள் நான். தினமும் சுமக்கிற பிள்ளையின் எடை எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

பிழை என்னுடையதுதான். உன் கருமாதி அன்று வந்தவர்கள் எல்லார் முன்னாலும், "தங்கச்சியோட வருசத் திதி முடியிற வரைக்கும் இந்த வீட்டு அடுப்புல கவுச்சி ஏறாது" என்றேன். கருவாடு விற்கிற கையை மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் குசினிக்குள் போனேன். ஊரே மெச்சியது. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த மெச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

பிள்ளைக்கு ஆறு மாதமானதும் பால்மாவோடு சோறும் ஊட்டத் தொடங்கினேன். விரத வீட்டில் முட்டை ஏது, மீன் ஏது? கஞ்சி, கரட், உருளைக்கிழங்கு, தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட். பருப்பு வாயு என்று நினைத்து, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் கொடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸி பிள்ளையின் எடைக் கார்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பருப்புத் தண்ணி புள்ளைக்கு. பருப்பு யாருக்கு?"

"எனக்குத்தான் மிஸ்ஸி."

"அதான் நீங்க ஒரு சுத்து பெருத்திருக்கீங்க. கடையில என்னக்கா விக்கிறீங்க?"

"கருவாடு, நெத்தலி, முட்டை."

அவர் சிரிக்கவில்லை. "சதை வைக்கிறதையெல்லாம் ஊருக்கு வித்துட்டு, புள்ளைக்கு வெறும் கஞ்சிய ஊத்துறீங்க. முட்டைய நல்லா அவிச்சு, கொஞ்சமா ஆரம்பிங்க. பருப்பக் கட்டியா மசிச்சுக் குடுங்க. நெத்தலிய ஊறவச்சு, உப்பு போகக் கழுவி, வறுத்துத் தூளாக்கிச் சோத்துல போடுங்க. ரெண்டு கிழமையில எடை ஏறலன்னா வார்டுல வைக்கணும்."

வார்டு என்றதும் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீயும் "காய்ச்சல்தான்க்கா, நாளைக்கு வந்திருவேன்" என்று சொல்லிவிட்டுத்தானே வார்டுக்குப் போனாய்?

கொழும்பில் வேலை செய்யும் உன் புருஷனிடம் போனில் சொன்னேன்.

"இன்னும் அஞ்சு மாசந்தானே அக்கா. அவ பேருல எடுத்த விரதம். பாதியில விட்டா மனசு கேக்குமா?"

"விரதம் இருக்கியான்னு அந்தப் புள்ளைகிட்ட யாராச்சும் கேட்டமா தம்பி?"

அழுகிறார் என்று தெரிந்தது. "குடுங்கக்கா" என்றார்.

இன்று காலை உன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, அதே அடுப்பில் முட்டையை வைத்தேன். மசித்துக் கஞ்சியில் கலந்து ஊட்டினேன். இரண்டு கரண்டி விழுங்கினான். மூன்றாவதைத் துப்பினான். நாடியில் வழிந்ததை வழித்து மறுபடி ஊட்டினேன். அதற்கும் வாய் திறந்தான்.

பிந்திவிட்டேனா விஜி? இதை வேறு யாரிடம் கேட்பேன்? உனக்குக் கோபமிருந்தால் கனவில் வந்து என்னைத் திட்டு. கடை வியாபாரம் படுத்தாலும் தாங்கிக்கொள்வேன். துணைக்கென்று பிள்ளையை மட்டும் கூப்பிட்டுக்கொள்ளாதே.

உன் திதி வரை விரதத்தை நான் ஒருத்தியே இருந்து முடிக்கிறேன். அவனுக்கு முட்டையோ மீனோ பருப்போ ஒரு நாள் தவறாமல் வேகும். அடுத்த கிளினிக்கில் எடை ஏறாவிட்டால், அதற்கடுத்த கிளினிக்குக்கும் தூக்கிக்கொண்டு போவேன். வார்டு என்றால் வார்டிலும் அவன் பக்கத்திலேயே கிடப்பேன். அவனை விடமாட்டேன், விஜி.

உன் பிள்ளைக்குத் தாயாகப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அக்கா