நிறைஞ்சிருச்சு

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் மெயில்கள் திரும்பி வந்தது என் கோபத்தால் இல்லை. என் பெட்டியில் இடமில்லை. "மெயில் பெட்டி நிறைஞ்சிருச்சு அத்தை" என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உப்பு தீர்ந்தால் 'இல்லை' என்று சொல்லாமல் 'நிறைஞ்சிருச்சு' என்பவராயிற்றே! "ஏட்டி, எம்புள்ள எழுதுறதையே நிறுத்திட்டானா?" என்று கண் கலங்கிவிட்டார்.

கடை விளம்பரங்களை எல்லாம் அழித்தேன். மீதி இடத்தை அடைத்திருப்பவை நீங்கள் அனுப்பிய பனிமலைப் படங்கள். அவற்றை அழிக்க மனமில்லை. போனில் சொல்லவும் வெட்கம். அதனால்தான் இந்தக் காகிதம்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறினோம். அத்தை பஸ் முழுக்கப் பால்கோவா கொடுத்தார். "என்ன விசேஷம் ஆச்சி?" என்றார் கண்டக்டர்.

"எங்க வீடு நிறைஞ்சிருச்சுய்யா!"

இந்தத் தடவை நேர் அர்த்தம்தான்.

இப்படிக்கு,
உங்களவளும், உள்ளே இருப்பவரும்